அருளம்மாள் ஊற்றிய கிணறு

செய்தி பக்கத்து மளிகைக் கடைக்கு வந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். காலை எட்டு மணி இருக்கும். கடைக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து, "ஏனுங்ணா, துடியலூர்ல இருந்து போனுங்க. ஒரு புள்ள அழுவுதுங்க" என்றார். துடியலூரில் எனக்குத் தெரிந்தது ஒரே வீடுதான். ரிசீவரை எடுத்ததும் அருளம்மாளின் மகள் ஜெனிட்டாவின் குரல். "மாமா, அம்மா போயிட்டாங்க." நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. முந்தின நாள் சாயங்காலம்தான் பட்டறை வாசலில் நின்று, "நாளைக்கு ஒரு அரைமணி நேரம் லேட்டா வாரேனுங்ணா, ரேஷன் கடைக்குப் போவோணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எங்களோடு பழகியவர்களுக்கு அருளம்மாளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பீளமேட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. கட்டப்போகும் வீடு, மில், அணை, தோட்டம் எதுவானாலும் அதைச் சின்னதாகச் செய்து மேசைமேல் வைத்துக் கொடுப்பது தொழில். மரமும் சுவரும் என் வேலை. தண்ணீர் அருளம்மாள் வேலை. குளம், வாய்க்கால், நீச்சல்குளம், எல்லாவற்றையும் ரெசின் என்ற பிசினைக் கண்ணாடி போல ஊற்றி இறுக வைத்துச் செய்வார். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தண்ணி ஊத்தறனுங்க" என்பார். கேட்டவர்கள் தோட்ட வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்தமாட்டார்.

அடக்கத்துக்கு முன்னால் ஜெபம் நடந்தது. முடிந்து எல்லோரும் சாமியானாவுக்குள் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகத்தான் சொன்னார். "மொத மொதல்ல ஒரே ஒரு தடவை, ஊத்துன ரெசினை மூடாம வெச்சுபோட்டாங்க. நானும் நெம்ப சத்தம் போட்டுட்டேன். அன்னையோட சரிங்க. அதுக்கப்புறம் இந்த ஏழு வருசத்துல அவங்க தண்ணியில ஒரு தூசி உழுந்ததில்ல." ஜெனிட்டா என் பக்கம் திரும்பி, "அம்மா மூடாமயா வெச்சாங்க?" என்று கேட்டாள். வீட்டில் பால் பாத்திரத்தைக்கூட மூடாமல் வைக்க விடாத அம்மா. நான் நாற்காலிகளை எடுத்து அடுக்கப் போனேன். அடுத்த வாரம் முதலாளியே என்னைக் கூப்பிட்டு, எங்கள் தொழில் சங்கத்தின் மாத இதழுக்கு அருளம்மாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று நினைக்கிறேன். எடிட் செய்யாமல் போடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அருளம்மாள் வருவதற்கு முன் எங்கள் பட்டறையில் தண்ணீர் என்றால் மூன்று வகை. முகம் பார்க்கும் கண்ணாடி, அடியில் நீல பெயிண்ட் அடித்த ஜன்னல் கண்ணாடி, கடைசியாக அவசரத்துக்கு நீல ஜிகினாத்தாள். குளத்துக்குள் எட்டிப் பார்த்தால் பார்க்கிறவர் மூக்கு தெரியும். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் துடியலூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஃபைபர் தொட்டி செய்கிற இடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா, ரெசின் கொண்டு தண்ணீர் செய்து காட்டுகிறேன் என்று வந்து நின்றார். கையில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் கூழாங்கல், நாலு அருகம்புல், மேலே ஒரு விரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர். முதலாளி அதைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் சாயவில்லை. "மூணு மாசம் பாக்கலாம் அம்மிணி" என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

அந்த மூன்று மாதம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஃபைபர் கொட்டகையில் தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் தோலுக்குள் இறங்கிவிடும். அவர் இரண்டு முன்னங்கையிலும் சொறிந்து சொறிந்து ஆன தழும்பு. "சோறு பெசையும்போதுகூட அரிக்குமுங்ணா. புள்ளையத் தூக்குனா அதுக்கும் அரிக்கும்" என்றார் ஒருநாள். சொன்ன விதத்தில் புகார் இல்லை, வெயிலைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதல் வேலையிலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஒரு தொழிற்சாலைப் பூங்காவுக்குக் குளம். பள்ளத்தை நான் ப்ளைவுட்டில் செய்து மேலே பிளாஸ்டர் பூசியிருந்தேன். அவர் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மூலையெல்லாம் இன்னொருக்கா பூசிக் குடுங்ணா, எறங்கிரும்" என்றார். இருபது வருஷமாக மரவேலை செய்கிறவன் நான். என் இணைப்பில் சந்தேகமா? "ஒரு சொட்டு எறங்காது, ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். மறுநாள் வந்து பார்த்தால் குளத்தில் பாதித் தண்ணீரைக் காணோம். மேசைக்கடியில் நான் கழற்றி விட்டிருந்த செருப்பு இரண்டும் தரையோடு தரையாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தன. உளி வைத்துத்தான் பெயர்க்க முடிந்தது. அருளம்மாள் சிரிக்கவே இல்லை. சிரிக்காமல் நின்றதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயரே "செருப்பு பார்க்கறது". புதிதாக வரும் ஆட்களுக்குக்கூட அதுதான் வார்த்தை, ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் வேலை செய்யும் முறையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், செய்வதுதான் கஷ்டம். ரெசினில் கோபால்ட் என்கிற ஊதா நிற திரவம் சில சொட்டு, பிறகு அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் சில சொட்டு. கேட்டலிஸ்ட் கூடினால் உள்ளுக்குள் சூடேறி வெடிப்பு விடும். குறைந்தால் நாலு நாள் ஆனாலும் பிசுபிசுக்கும். ஒரே தடவையில் நிறைய ஊற்றக் கூடாது, படி படியாக, ஒரு அடுக்கின்மேல் இன்னொரு அடுக்காக மெல்லிசாக ஊற்ற வேண்டும். ஒரு படி பாதி இறுகி, தொட்டால் அல்வா போல இருக்கும்போதே அடுத்ததை ஊற்றினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முழுக்க இறுகிவிட்டால் நடுவே ஒரு கோடு தெரியும். அந்த நேரம் தவறக் கூடாது என்பதற்காக அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் மூடிவிட்டு ஓடியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படிகளுக்கு நடுவே தூசி விழாமல் இருக்க, பேக்கரியில் வாங்கிய சதுர பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து மூடி வைப்பார். அவர் அடிக்கடி சொல்வது இது: "ஆழத்தைப் பெயிண்ட்ல காட்டிரோணுங்க. ரெசின் சும்மா மேல படுத்துட்டு இருந்தாப் போதும்." அடிப்பாறைக்கு அவர் அடிக்கிற பச்சையும் கருப்பும் காயும்வரை யாரும் அதைத் தண்ணீர் என்று நம்பமாட்டார்கள். மேலே ஊற்றிய பிறகு கையை விட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது மாதம் அந்தக் கிணறு வந்தது.

ஒரு பம்பு கம்பெனி விவசாயக் கண்காட்சியில் கடை போடுகிறது. கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கியபடி ஓடும் மோட்டார் அவர்களுடைய புதுச் சரக்கு. அதைக் காட்ட ஒரு தோட்டத்தின் மாதிரி வேண்டும், நடுவில் கிணறு, தண்ணீருக்குள் மோட்டார் இருப்பது மேலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். கண்ணாடியும் ஜிகினாத்தாளும் இதற்கு ஆகாது. அருளம்மாள்தான் செய்ய வேண்டும். முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். "இது தேறுச்சுன்னா நீங்க பர்மனெண்ட் அம்மிணி. இல்லைன்னா பழைய எடத்துக்கே போயிருங்க, நானே பேசி உடறேன்."

அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்து வரைபடம் போட்டேன். நம் பக்கத்துச் சதுரக் கிணறு. கம்பெனியின் விற்பனை மேலாளர் வந்து பார்த்தார். தண்ணீர் விளிம்புக்கு நாலடி கீழே தளும்ப வேண்டும் என்றார். அப்படியானால் மோட்டார் நன்றாகத் தெரியும், பார்க்கவும் செழிப்பாக இருக்கும். அருளம்மாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஆயுத பூசை சமயத்துல எந்தக் கெணத்துலீங்க நாலடியில தண்ணி நிக்குது?" என்று கேட்டார். மேலாளர் அவரை அப்போதுதான் கவனித்தார். "எழுவது அடியில வெக்கலாமுங்க. தோட்டத்துக்காரங்க வந்து பாக்கப் போறாங்க. அவங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் அருளம்மாள். எழுபது அடி என்றால் எங்கள் அளவில் பதினேழரை அங்குலம். குனிந்து பார்த்தால்தான் தண்ணீரே தெரியும். மேலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. முதலாளி நடுவில் புகுந்து எதையோ சொல்லிச் சமாளித்து, கடைசியில் எழுபது அடிக்கே ஒப்புக்கொள்ள வைத்தார். மேலாளர் போன பிறகு அருளம்மாளிடம், "உங்க பேச்சுல நின்னிருக்கேன். தப்பாச்சுன்னா நீங்கதான்" என்றார்.

எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். மூன்று மாத ஆளுக்கு இந்தப் பிடிவாதம் எதற்கு என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா கெணறு வெட்டறவருங்ணா. சோத்துப் போசியக் கவுத்துல கட்டி நான்தான் எறக்குவேன். தண்ணி எந்த மாசம் எங்க நிக்கும், சொவத்துல எந்தப் பக்கம் பாசி புடிக்கும், எல்லாம் மேல படுத்துட்டுப் பாத்ததுதானுங்க." பிரஷ்ஷை உதறி வைத்துவிட்டு, "அவரு வெட்டுன ஒரு கெணத்துலயும் அவரு எறங்கிக் குளிச்சதில்லீங்க. உடமாட்டாங்க" என்றார். எங்கள் குடும்பம் தெலுங்கு பேசுகிற தோட்டக்காரக் குடும்பம். எங்கள் தோட்டத்திலும் ஒரு கிணறு உண்டு. அதை யார் வெட்டியது என்று எனக்குத் தெரியாது. அதுவரை கேட்கத் தோன்றியதும் இல்லை. நான் பேச்சை மாற்றி, சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு வருஷத் தண்ணீர் மட்டமும் விட்டுப்போன வெள்ளைக் கோடுகளை வரிசையாகச் சுவரில் போடச் சொன்னார். மேலே நெருக்கமாக, கீழே போகப் போக இடைவெளி விட்டு. நான் போட்டது சரியில்லை என்று இரண்டு முறை அழித்து அவரே போட்டார்.

கிணற்றின் தண்ணீரைத் தனியாக ஒரு சதுரப் பலகையில் ஊற்றி, பிறகு சுவருக்கு அடியிலிருந்து பொருத்துவதாக ஏற்பாடு. பலகையில் பாறை, பாறைமேல் லேத்தில் கடைந்த சுண்டுவிரல் அளவு பித்தளை மோட்டார், அதன்மேல் நாலு படி ரெசின். ஆயுத பூசை அன்று காலை மூன்றாவது படியை ஊற்றி, பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தார். கண்காட்சிக்கு இன்னும் இரண்டு நாள்.

பத்து மணிக்குப் பூசை. பட்டறையில் இருந்த ரம்பம், இழைப்புளி, லேத், கம்ப்ரசர், முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். முதலாளி ஒரு தட்டை என் கையில் கொடுத்து, எதையும் விடாமல் பொட்டு வைக்கச் சொன்னார். நானும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். அலமாரிக்கு வந்தேன். அந்த டின்னுக்கே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எப்படி வந்திருக்கிறது பார்க்கலாமே என்று தூக்கினேன். தண்ணீருக்குள் மோட்டார் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குக் கிணற்று மோட்டாருக்குப் பொட்டு வைப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. கை தானாகப் போய்விட்டது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, மோட்டாருக்கு நேர்மேலே வைத்தேன். விரலை எடுக்கும்போது லேசாக ஒட்டியது. அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதே நேரம் வாசலில் பூசணிக்காய் உடைக்க என்னைக் கூப்பிட்டார்கள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினேன். டின்னைத் திரும்ப மூடவில்லை.

முதலாளி உள்ளே வந்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. தண்ணீர் நடுவே செக்கச்செவேலென்று ஒரு பொட்டு. எல்லோரையும் கூப்பிட்டார். "யாரு வெச்சது?" யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அவர் சாமி பயம் உள்ளவர். பொட்டு வைத்தவரைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. கோபம் வேறு பக்கம் திரும்பியது. "சாமி காரியம், யாரு வெச்சாலும் தப்பில்ல. ஆனா இதை மூடாம வெச்சது யாரு?"

அருளம்மாள் அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் சிவப்புத் தீற்றல். பிறகு, "நான்தானுங்க" என்றார்.

நான் அப்போது பேசியிருக்கலாம். அதிகம் போனால் ஒரு மணி நேரம் திட்டு வாங்கியிருப்பேன். என்னை வேலையைவிட்டு யாரும் அனுப்பப் போவதில்லை. அவரை அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "எக்ஸிபிஷன் முடியட்டும், அப்புறமேலுக்குப் பேசிக்கலாம்" என்றார் முதலாளி. அருளம்மாள் தலையை ஆட்டிவிட்டு நேராக ரெசின் டப்பாவை எடுக்கப் போனார்.

அது அடுத்த சண்டை. பூசை போட்ட சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள்தான் எடுக்க வேண்டும். ரெசின் கலக்கும் கிண்ணம், கரண்டி, தராசு எல்லாவற்றிலும் பொட்டு இருக்கிறது. முதலாளி கூடவே கூடாது என்றார். அருளம்மாள் வாதாடவில்லை. காபி கொடுக்க வைத்திருந்த பேப்பர் கப்பில் ஒன்றை எடுத்தார். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கழுவினார். கேட்டலிஸ்ட்டுக்குத் தன் கைப்பையில் இருந்த, மகளுடைய பேனா இங்க் ஃபில்லர். "இதெல்லாம் பூசையில வெக்காததுங்க" என்றார். எடுத்தவற்றில் ரெசின் டப்பாவுக்கு மட்டும்தான் பொட்டு. அதை நான் சாய்த்துப் பிடித்தேன். நல்லவேளை, முதலாளி பொங்கல் சாப்பிடப் போயிருந்தார். ஈரமாக இருந்த சந்தனத்தை அருளம்மாள் பஞ்சால் ஒற்றி எடுத்தார். குங்குமத்தை எடுக்க முடியவில்லை, இறங்கிவிட்டது. அதை அப்படியே விட்டார். பூசைத் தட்டிலிருந்து ஒரு சாமந்திப் பூவை எடுத்து, இதழை நகத்தால் கிள்ளிக் கிள்ளி, கடுகைவிடச் சின்னதாக ஐந்தாறு துணுக்கு தண்ணீர்மேல் போட்டார். அதன்மேல் நாலாவது படியை ஊற்றினார். பொட்டும் பூவும் தண்ணீரோடு தண்ணீராக உள்ளே போயின.

கண்காட்சியில் முதல் நாள் காலை மேலாளர் குனிந்து பார்த்துவிட்டு, "கீழ என்னங்க செவப்பா?" என்றார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்போது அன்னூர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தோளில் துண்டோடு வந்து, இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பிறகு கூட வந்தவரைக் கூப்பிட்டார். "இங்க பாரப்பா, நம்ம கெணறாட்டவே இருக்குது. ஆயுத பூசைக்கு மோட்டாருக்குப் பூசை போட்டுப் பூவெல்லாம் உட்டிருக்காங்க." அப்புறம் சுவரில் இருந்த வெள்ளைக் கோடுகளை விரலால் மேலிருந்து கீழாக எண்ணிவிட்டு, மேலாளரிடம், "ஏனுங்க, இந்த ஆழத்துல இருந்து ஏத்தறதுக்கு எத்தன எச்.பி. வேணுமுங்க?" என்றார்.

மேலாளர் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார். அதற்கப்புறம் மூன்று நாளும் ஒரே கேள்வி. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், தங்கள் கிணற்றின் ஆழத்தைச் சொன்னார்கள், மோட்டாரைப் பற்றிக் கேட்டார்கள். நாலடியில் தண்ணீர் தளும்பியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று மேலாளரே முதலாளியிடம் சொன்னார், தன் யோசனை போலத்தான் சொன்னார். பழைய இடத்துக்குப் போகும் பேச்சு அப்படியே நின்றுபோனது. அருளம்மாள் ஏழு வருஷம் எங்களோடு இருந்தார். ஆனால் மூடாமல் வைத்தவர் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. முதலாளி புதிதாக யாரைச் சேர்த்தாலும் அதை ஒரு பாடமாகச் சொல்வார். அருளம்மாள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நடுவில் ஒரு சந்தோஷமான வேலையும் சொல்லிவிடுகிறேன். இமயமலைப் பக்கம் ஏதோ நீர்மின் திட்டம், உறைந்த ஏரியோடு மாதிரி வேண்டும் என்று வந்தது. எங்களில் பனியைப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஊட்டிக்கு மேல் நாங்கள் போனதில்லை. முதலாளி ஒரு காலண்டர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அருளம்மாள் அதைத் திருப்பி வைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு மீன் மார்க்கெட் பக்கத்து ஐஸ் ஃபாக்டரிக்குப் போனார். ஒரு முழு ஐஸ் பாரை இறக்கி வைக்கச் சொன்னார். "எந்த மீனுக்குங்க?" என்றார் அங்கிருந்தவர். "மீனுக்கில்லீங்க, பாக்கறதுக்கு" என்றார் இவர். ஒரு மணி நேரம் அது உருகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் பால், பாலுக்குள் ஊசி ஊசியாகக் காற்று. திரும்பி வந்து, அடிப் படியில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் கலந்தார். அடுத்த படிக்குக் கேட்டலிஸ்ட்டை வேண்டுமென்றே கூட்டினார். "இத்தன வருசமா எதுக்குப் பயந்தமோ அதை இன்னைக்குச் செய்யோணுங்ணா" என்றார். ரெசின் சூடேறி, படீர் படீர் என்று வெடிப்பு விட்டது. ஏரி முழுக்கப் பனிக்கட்டி விரிசல். அவர் கைதட்டிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான் எனக்கு நினைவிருக்கிறது.

போன வருஷம் பம்பு கம்பெனி பழைய சாமான்களை ஒழித்தபோது அந்தக் கிணறு எங்களிடமே திரும்பி வந்தது. சுவர் உடைந்துபோயிருந்தது. தண்ணீர்ப் பலகையை மட்டும் கழற்றித் துடைத்தேன். ரெசின் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. சாமந்தித் துணுக்குகள் பழுப்பாகி நிஜமாகவே வாடியவை போல இருந்தன. பொட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குங்குமத்துக்கு நடுவே ரேகை தெரிந்தது. ரேகைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு கோடு. என் மோதிர விரலில் ரம்பம் பட்ட தழும்பு அதே இடத்தில் அதே சாய்வில் இருக்கிறது. பாதி இறுகிய ரெசின் அச்சு எடுத்தது போல எடுத்து வைத்திருக்கிறது. மேலே அருளம்மாள் ஊற்றிய படி அதைக் கலையாமல் காத்திருக்கிறது.

அருளம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இப்பத்தான் பாத்தீங்களாக்கும்?" என்றார்.

"அன்னைக்கே தெரியும்ல. அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. "அது மேல்படி ஊத்தற நேரமுங்ணா. யாரு, எப்பன்னு பேசிட்டு நின்னா இறுகிப் போயிருக்கும். அப்புறம் கோடு தெரியும்" என்றார். பலகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஊத்தி முடிச்சப்புறம்" என்றார். அதில் கோபம் இல்லை. ரெசின் இறுகவில்லை என்றால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. மறுநாள் ஒரு வேலை, அதற்கு மறுநாள் வேறொன்று. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது அந்தத் தண்ணீர்ப் பலகையை ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். என் விரலையும் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பொட்டையும் என் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உள்ளே போய் மாதா படத்துக்குக் கீழே அதை வைத்துவிட்டு வந்து, எனக்குக் காபி கொடுத்தாள்.

என்னிடம் நான் வைத்துக்கொண்டது அந்த பிஸ்கட் டின். விளிம்பு துருப்பிடித்திருக்கிறது. உள்ளே ரெசின் வாசனை இன்னும் போகவில்லை. என் மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அடியில் எதுவும் இல்லை. அன்றைக்கு அதன் மேலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவன் நான்.

முதலாளிக்கும், அவர் சொன்னதைக் கேட்ட எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆயுத பூசை அன்று அருளம்மாள் மூடித்தான் வைத்திருந்தார். திறந்தது நான்.